கறுப்புச் செம்பு தேடிப் புதுவாயலுக்கு

தங்கத்தில் செம்பைக் கலப்பது ஊரறிந்த சங்கதி. செம்பில் தங்கத்தைக் கலந்து தரமுடியுமா என்று நான் கேட்டபோது பினாங்கு நகைக்கடைக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் என்னைப் பார்த்தார்கள். ஒருவர் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். வெயிலில் நடந்து வந்த கிழவிக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

என் கையில் இருந்தது என் கணவரின் மோதிரம். அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. எங்களுக்குப் பெண்கள் இரண்டு, மோதிரம் ஒன்று. "நான்தானே மூத்தவள்" என்றாள் பெர்த்தில் இருக்கும் மாலதி. "கடைசிவரைக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தது நான்தானே" என்றாள் என்னோடு இருக்கும் சுபா. இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான். அதனால்தான் வினையே. காரியம் முடிந்த வாரத்தில் அவர்கள் பேச்சு நின்றது, நின்றதுதான். "அவளிடம் சொல்லிவிடுங்கம்மா" என்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எனக்குத் தபால்காரி உத்தியோகம். மோதிரத்தை இரண்டாக வெட்டிக் கொடுத்துவிடுங்கள் என்றார் ஒரு மகானுபாவர். வெட்டினால் அதற்குப் பெயர் மோதிரமா?

அப்போதுதான் அந்தக் கறுப்புப் பெட்டி ஞாபகம் வந்தது. பல வருடங்களுக்கு முன்னால், வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றில், கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தது. பழைய எகிப்துக்காரர்களின் வேலை. வெண்கலம் என்று எழுதியிருந்தது, ஆனால் பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. நல்ல கறுப்பு, அதில் ஊதா ஓடியது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம், கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். ரோமாபுரிப் பணக்காரர்கள் கொரிந்து நகரத்து வெண்கலம் என்று ஒன்றுக்கு உயிரை விட்டார்களாம், வெள்ளியைவிட ஒசத்தியாம். கொரிந்து எரிந்தபோது தங்கச்சிலை, வெள்ளிச்சிலை, செம்புச்சிலை எல்லாம் உருகித் தெருவில் ஒன்றாக ஓடி அந்த உலோகம் தானாகப் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. கதை பொய்தான். ஆனால் சரக்கு உண்மை. அது இன்னது என்று அடித்துச் சொல்ல இன்றைக்கும் ஆள் இல்லை. செம்பில் ஒரு சிட்டிகை தங்கமும் வெள்ளியும் சேர்த்து, பிறகு மருந்துத் தண்ணீரில் போட்டுக் கறுப்பாக்கினார்கள் என்பது பலர் கணிப்பு. ஜப்பான்காரர்கள் அதே வேலையை வாள்பிடிகளில் செய்திருக்கிறார்கள்.

இதில் என்னைப் பிடித்து உலுக்கிய விஷயம் ஒன்றுதான். அந்தத் தங்கம் கண்ணுக்குத் தெரியாது. இங்கே இருக்கிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்டமுடியாது. ஆனால் அது இல்லாவிட்டால் அந்தக் கறுப்பு வரவே வராது. மோதிரத்தை இப்படி உருக்கி ஒரே மாதிரி இரண்டு வில்லை வார்த்துவிட்டால், யாருக்கு அப்பா கிடைத்தார், யாருக்குக் கிடைக்கவில்லை என்று எவள் சண்டை போடமுடியும்?

என் கணவரின் சித்தப்பா மகள் தேவகி புதுவாயலில் இருக்கிறாள். அவள் புருஷன் ஏழுமலை, சுற்றுவட்டாரத் தொழிற்சாலை எந்திரங்களுக்கு கன்மெட்டல் புஷ் என்கிற வெண்கல வளையங்களை வார்த்துக் கொடுக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் போனில் விஷயத்தைச் சொன்னேன். 

"அக்கா, ஒரு தபா உருகிச்சினா அப்பால திரும்பி வராது. தெரியுமில்ல?"

"தெரியும் தம்பி."

"அப்ப வாங்க. ஊத்திப் பாத்துடலாம்."

விமானத்தில் என்ன சாப்பிட்டேன் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம். சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் கவரைப்பேட்டையில் இறங்க வேண்டியவள், ஜன்னல் காற்றில் கண்ணயர்ந்து கும்மிடிப்பூண்டியில் விழித்தேன். ரயிலுக்கு அதற்குமேல் போக இஷ்டமில்லை போல, எல்லாரும் இறங்கியிருந்தார்கள். திரும்பி வர ஷேர் ஆட்டோ. ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஒன்பது பேரை அடுக்கினார் டிரைவர். எதிரே இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிச் சிரித்தார்கள். அவர்கள் பார்வை என் பெட்டியிலேயே இருந்தது. என்னவாம் என்று பக்கத்துப் பெண்ணைக் கேட்டேன்.

"பொட்டி நெறைய ஃபாரின் சோப்பா இருக்கும், ஒண்ணு கேட்டுப் பாக்கலாமான்றாங்க ஆன்ட்டி."

பெட்டிக்குள் உலோகம் ராவும் அரங்களும் உப்புத்தாளும்தான் இருந்தன. சொன்னால் நம்பியிருக்க மாட்டார்கள். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று பிடித்து நின்றன. எங்கள் பினாங்குப் படகுத்துறையில் கார்கள் வரிசை நின்ற காலத்தில் யாரும் ஹார்ன் அடித்ததில்லை. இங்கே நகராத லாரியும் அடித்தது. புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கியபோது என் இடது கால் எனக்குச் சொந்தமாக இல்லை.

"இன்னா அண்ணி இப்டி எளச்சிட்டீங்க!" என்று கட்டிக்கொண்டாள் தேவகி. அழுதாள், உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டு இலை போட்டாள். பழவேற்காட்டு நண்டுக் குழம்பு. பினாங்கு நண்டுக்கு நான் பரம்பரை வக்கீல், ஆனாலும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை, சாப்பிடத்தான் திறந்தேன்.

மறுநாள் வடகறியோடு நாஷ்டாவை முடித்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தகரக் கூரை, தரையெல்லாம் கறுத்த மண், நடுவில் இடுப்பளவு குழியில் ஃபர்னஸ். ஏழுமலை பழைய மோட்டார்களின் செம்புக்கம்பியைத் தேடித்தேடி எடுத்து வைத்திருந்தார். அவர் வழக்கமாக உருக்கும் சரக்கில் ஈயம், துத்தநாகம் எல்லாம் கலந்திருக்கும். அதில் துளி ஒட்டினாலும் என் கறுப்பு கெட்டுப்போகும் என்றேன். அதற்காகவே டீ டம்ளர் அளவில் உலோகம் உருக்கும் புது மூசை வாங்கி வைத்திருந்தார். மனுஷனை எனக்குப் பிடித்துப்போயிற்று.

உலோகம் ஊற்றுகிறவர் பிபின், ஒடிசாக்காரர். நான் மோதிரத்தைக் கழற்றிப் பலகையில் வைத்ததும் அவர் ஏழுமலையிடம் இந்தியில் ஏதோ கேட்டார். ஏழுமலை தலையைச் சொறிந்தார்.

"என்னவாம்?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா... இந்த அம்மாவத் தடுத்துச் சொல்ல ஊட்ல யாரும் இல்லியான்றான்."

"இருந்தார். அவர் மோதிரம்தான் இது என்று சொல்லுங்கள்."

சொன்னார். பிபின் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். வெள்ளிக்கு நான் கடைக்குப் போகவில்லை. என் கணவர் போன பிறகு கழற்றி வைத்த என் மெட்டி இருந்தது. அதையும் மோதிரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒரு வருடம் கழித்து இரண்டும் ஒன்றாக உட்கார்ந்திருந்தன. மறைப்பானேன், அழுதேன்.

கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்து, உலைக்குக் காற்றடிக்கும் புளோயரைப் போட்டார்கள். செம்பு உருகி முட்டைக்கரு போலத் தளும்பும்போது மெட்டியையும் மோதிரத்தையும் போட்டார் ஏழுமலை. ஒரு நொடி மேலே மிதந்த மாதிரி இருந்தது, பிறகு இல்லை. அந்த நேரம் பார்த்துத்தானா கரண்ட் போகவேண்டும்? புளோயர் விசும்பிவிட்டு நின்றது. "பேஜாரு!" என்று கத்திக்கொண்டே ஏழுமலை பக்கத்துப் பட்டறைக்கு ஓடினார். அங்கே ஜெனரேட்டர் உண்டு. பிபின் கரித்துண்டுகளை மூசைமேல் குவித்து மூடினார். நான் என்ன செய்தேன்? நின்ற இடத்திலேயே, தெரிந்த சாமி தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன். ஏழுமலை வயர் இழுத்து வந்து புளோயர் மறுபடி உறுமியபோதுதான் நிறுத்தினேன்.

ஊற்றினார்கள். ஒரே மண் அச்சில் பிஸ்கட் அளவு இரண்டு குழி, நடுவே ஒரு வாய்க்கால். ஆறியதும் உடைத்தால், ரோஜா நிறத்தில் இரண்டு வில்லைகள். முதுகில் கொஞ்சம் பொத்தல், முகம் சுத்தம். நடு வாய்க்காலில் உறைந்த துண்டை அறுத்துத் தேவகியிடம் கொடுத்தேன். "உன் அண்ணன்" என்றேன். அவள் அதைத் தாலிக்கயிற்றுக்குப் பக்கத்தில் முடிந்துகொண்டாள்.

இனி கறுப்பாக்க வேண்டும். வந்த அன்றே செம்புத் தூளை வினிகரில் ஊறப்போட்டிருந்தேன். தேவகியின் ஊறுகாய் ஜாடியில், மொட்டைமாடியில், அது மெல்ல மெல்லப் பச்சைக் களிம்பாகிக்கொண்டிருந்தது. அதோடு மயில்துத்தம் என்கிற நீல உப்பைச் சேர்த்துக் கொதிக்கவிடவேண்டும். அதற்கு முன்னால் வில்லையை முள்ளங்கிச் சாற்றில் முக்கவேண்டும் என்பது ஜப்பான்காரர் வழக்கம். ஏன் முள்ளங்கி? ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள். எனக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஒரே மோதிரத்தை வைத்துக்கொண்டு பரிசோதனை பண்ணிப்பார்க்கத் துணிச்சலும் இல்லை. நல்ல முள்ளங்கியாகப் பொறுக்கி வாங்கி அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப்போனேன். திரும்பி வந்தால் சாம்பார் மணக்கிறது.

"தேவகி, முள்ளங்கி எங்கே?"

"கொதிக்கிது அண்ணி. உங்களுக்கு முள்ளங்கி சாம்பார்னா உசிருன்னு தெரியாம பூட்ச்சே, மொதல்லியே சொல்லக்கூடாதா?"

 இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன். முள்ளங்கி வாங்க மறுபடி ஆரணிக்குப் பஸ் ஏறினேன். எல்லாரும் கேட்கிற பட்டுச்சேலை ஆரணி இல்லை இது, ஆற்றங்கரை ஆரணி. காய்கறிக்காரம்மா "சமைக்கவா, ஜூஸ் போடவா?" என்றார். "செம்பு கறுக்க" என்றேன். கூட ஒரு முள்ளங்கியை இலவசமாகப் போட்டார். பாவப்பட்டிருப்பார்.

மொட்டைமாடியில் புது மண்சட்டியில் பச்சைத் தண்ணீர் கொதித்தது. இரண்டு வில்லையையும் ஒரே நூலில் கட்டி, முள்ளங்கிச் சாற்றில் முக்கி, ஒன்றாக இறக்கினேன். ஒவ்வொரு கொதிக்கும் ஒவ்வொரு நிறம் வரும் என்று படித்திருந்தேன், என் பெண்களுக்கு நிறத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் சண்டைக்குப் போதும். முதலில் பழுப்பு. பிறகு செங்கல். ஏழுமலையும் பிபினும் பட்டறையை விட்டுவிட்டு வந்து எட்டிப்பார்த்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது, கறுப்புக்குள்ளிருந்து ஊதா எழும்பியது. கத்தரிக்காய்த் தோலின் கறுப்பு! வெயிலில் திருப்பினால் நீலம் ஓடியது. தங்கம் கலக்காத செம்புத்துண்டு ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சட்டியில் போட்டிருந்தேன். அது பழுப்போடு நின்றுவிட்டது. அந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் முழுக்க என் வீட்டுக்காரர்தான். நான் கை தட்டினேன். அறுபது வயதில் மொட்டைமாடியில் நின்று கை தட்டினேன்.

மோதிரம் இரண்டு வில்லையான கதையைப் பெண்கள் இருவருக்கும் போனில் சொல்லியிருந்தேன். மூத்தவளிடம் கெஞ்சிக் கூத்தாடி வெள்ளிக்கிழமை மாலை வீடியோவில் வரச் சொல்லியிருந்தேன். இளையவளும் வருவாள். ஒரு வருடத்தில் இரண்டு முகமும் ஒரே திரையில் தெரியப்போவது அன்றைக்குத்தான். மறுநாள் எனக்கு விமானம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நெடுஞ்சாலைக் கடையில் வெஜிடபிள் பிரியாணி கட்டிக்கொண்டு வீடு திரும்பினேன். வாசல் குழாயடியில் தேவகி உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் குத்துவிளக்கு, தூபக்கால், சொம்பு, கற்பூரத் தட்டு. வெள்ளிக்கிழமைப் பித்தளை. கையில் புளி. எல்லாம் பளபளவென்று வரிசையாக வெயிலில் காய்ந்தன. அந்த வரிசையின் கடைசியில், பிஸ்கட் அளவில் ஒன்று, பிறந்த குழந்தை மாதிரி சிவக்கச் சிவக்க மின்னியது.

"வாங்க அண்ணி! பாருங்க, எப்டி கரி புடிச்சிக்கினு கெடந்துச்சு, இப்ப எப்டி கீது! நாலு தபா தேச்சேன். இன்னொண்ணும் தேச்சிட்டா முடிஞ்சிது."

இன்னொன்று அவள் இடது கையில் இருந்தது, கறுப்பாக.

நான் போட்ட சத்தம் கூட்டுரோடு வரைக்கும் கேட்டிருக்கும். என்ன சொன்னேன் என்று எழுதமாட்டேன். அவ்வளவு தூரம் வந்து, அவர் மோதிரத்தை உருக்கி, நாள்கணக்கில் ஜாடியைக் காவல் காத்து! தேவகி புளியோடு எழுந்து நின்றாள்.

"நான் இன்னா அண்ணி பண்ணேன்? எங்கண்ணன் அதுல கீறாரு. கருகிப்போன மாரி எப்டி அண்ணி அனுப்பறது? பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?"

 வெள்ளிக்கிழமை வீட்டில் ஒரு செம்பு கறுப்பாகக் கிடந்தால் இந்த ஊரில் எந்தப் பெண்ணின் கை சும்மா இருக்கும்? அருங்காட்சியகத்துக்காரர்கள் கண்ணாடி போட்டு வைப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மருந்துத் தண்ணீர் இருக்கிறதா என்று மாடிக்கு ஓடினேன். சட்டி கழுவிக் கவிழ்த்தாயிற்று, ஜாடியும். பினாங்கில் மறுபடி ஊறப்போட்டுக் கறுப்பாக்கலாம்தான், ஆனால் மாலைக்கு என்ன செய்வது? ஒன்று கறுப்பு, ஒன்று சிவப்பு. எனக்குத்தான் நல்லதைக் கொடுக்கவில்லை என்று ஆரம்பிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏழுமலை சாப்பாட்டுக்கு வந்தவர் நிலவரத்தைக் கேட்டார். "ரெண்டையும் தேச்சிடுங்கக்கா. ஒரே மாரி ஆயிடும். பிரச்சன ஓவர்" என்றார்.

சரியான யோசனை. புளியை வாங்கிக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். கறுப்பு வில்லையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தேன். அந்த ஊதாவின்மேல் புளியை வைக்க எனக்குக் கை வரவில்லை. வைக்கிறேன், எடுக்கிறேன், வைக்கிறேன், எடுக்கிறேன். பிரியாணி ஆறிப்போயிற்று. அப்போது போன் அடித்தது. நேர வித்தியாசத்தைக் குழப்பிக்கொண்டு மாலதி முன்னதாகவே வந்திருந்தாள். சுபாவும் ஆபீஸிலிருந்தே சேர்ந்துகொண்டாள். திரையின் இரண்டு கட்டத்திலும் இரண்டு பேரும், ஒருவரையொருவர் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்தார்கள்.

வேறு வழியில்லை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன்.

"ஒண்ணு ஏம்மா வேற மாதிரி இருக்கு?" என்றாள் சுபா. குரலில் அந்தப் பழைய முள் எட்டிப்பார்த்தது.

நான் பதில் தேடுவதற்குள் தேவகி திரைக்குள் தலையை நீட்டினாள். "நான்தாம்மா தேச்சிட்டேன். அத்தைய மன்னிச்சிக்கோங்க. ரெண்டும் கறுப்பாத்தான் இருந்துச்சு. உங்கம்மா மேல தப்பில்ல."

 பின்னால் லாரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டே போயிற்று. மாலதி திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுவந்தாள். கறுப்பைப் பார்த்தாள், சிவப்பைப் பார்த்தாள், மறுபடி கறுப்பைப் பார்த்தாள்.

"ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற அப்பா" என்றாள்.

என் கணவர் கப்பல் எஞ்சின் பழுதுபார்க்கிறவர். வாசலில் நிற்கும்போது முழங்கை வரைக்கும் கிரீஸ் இருக்கும். பிள்ளைகள் ஓடிவந்தால், தொடாதே தொடாதே என்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்வார்.

"அப்ப இது குளிச்சிட்டுச் சாப்பிட உட்கார்ற அப்பா" என்றாள் சுபா. என்னிடம் சொல்லவில்லை. திரையின் மற்றக் கட்டத்தைப் பார்த்துச் சொன்னாள்.

மாலதி கண்ணைத் துடைத்தாள். பிறகு ஒரு வருடம் கழித்துத் தங்கச்சியிடம் முதல் வார்த்தை கேட்டாள்.

"உனக்கு எந்த அப்பா வேணும்?"

சுபா அழுதுகொண்டே சிரித்தாள். மூக்கை உறிஞ்சினாள். ஆபீஸில் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"எனக்கு ரெண்டும் வேணும்க்கா. வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திக்கலாமா? நீ பினாங்கு வா, அடுத்த வருஷம் நான் பெர்த் வர்றேன்."

"டிசம்பர்ல லீவு கிடைக்கும்" என்றாள் மாலதி. "நீ ஏர்போர்ட்டுக்கு வருவியா?"

"வருவேன்."

அதற்குப் பிறகு அவர்கள் இருவருமே பேசிக்கொண்டார்கள். டிக்கெட் விலை, சுபாவின் தலைமுடி, மாலதி வீட்டு நாய். அம்மா என்று ஒருத்தி போனைப் பிடித்துக்கொண்டு நிற்பதே ஞாபகமில்லை. கை வலித்தது. போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, கையில் ஒட்டிய புளியைக் கழுவிவிட்டு, தேவகியோடு சாப்பிட உட்கார்ந்தேன்.